முதல் மாலை யாருக்கு?

டுபாய் மோட்டார்ப் பந்தயத் திடலில் 2025 ஜனவரி 11, 12 ஆம் நாட்களில் இருபத்து நான்கு மணி நேர ஓட்டப் பந்தயம் நடைபெற்றது. நடிகர் திரு. அஜித் குமார் தம் பெயரால் அமைத்த அணி, தன் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்றது. சில நாட்களுக்கு முன்னரே, பயிற்சியின்போது அவரது கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றித் தப்பினார். அவரை நேரிற் காண வளைகுடா வாழ் தமிழர் பெருந்தொகையாகத் திரண்டனர். நெல்லியடிச் சந்தியின் தேநீர்க் கடைகளிலும் அதுவே பேச்சாயிற்று.

இதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. இயந்திரத்தில் மோகங்கொள்வது இளமைக்கு இயல்பு. இந்நடிகரும் வேடத்திற்காக மட்டும் கார் ஓட்டியவரல்லர். 2010 ஆம் ஆண்டிலேயே போர்முலா இரண்டு பந்தயங்களில் ஓட்டியவர். ஆயின், அவரைப் போற்றுவோர் அவர் சொல்லைக் கேட்டனரா? 2011 இல் தமது ரசிகர் மன்றங்களை அவரே கலைத்தார். டுபாயிலும், நடிகருக்கு வாழ்த்தொலி எழுப்புவோர் தத்தம் வாழ்வை எப்போது வாழப்போகின்றனர் என்ற பொருள்பட வினவினார். வாதியின் சாட்சியே வாதிக்கு மாறாகச் சாட்சியம் அளித்த வழக்கு இது!

2025 செப்டெம்பர் 27 ஆம் நாள், கரூரில் நடிகர் விஜய் அவர்களின் அரசியற் கூட்டத்தில் நெரிசலுண்டாகி 41 பேர் மாண்டனர். குற்றம் எவருடையது என்பது விசாரணைக்குரியது. ஆனால், ஒரு முகத்தை அருகே காணும் வேட்கைக்கு இத்துணை விலை தகுமா என்பது நம் ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கும் உரிய வினா.

இயந்திரத்தை ஆண்டவரைப் போற்றவேண்டின், டுபாய்வரை போகவேண்டியதில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. அக்காலத்தில் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களை நம் மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். சிறுவனாயிருந்த யான் கறாஜ் வாசலில் நின்று, அந்தப் புகையையும் நாற்றத்தையும் பொருட்படுத்தாது வியந்து பார்த்ததுண்டு. நோயாளி வைத்தியசாலை சேர்ந்ததும், தோட்டக்காரனின் வெங்காயமும் புகையிலையும் சந்தை சேர்ந்ததும் அத்தகைய கைகளின் வித்தையாலன்றோ? அவர்களுக்கு எவர் பதாகை கட்டினர்? எவர் பாலூற்றினர்?

அம்மெக்கானிக்குகளுட் பலர் இன்று முதியோர். அவர்கள் அறிந்த வித்தை ஏட்டில் ஏறவில்லை. அவர்களோடு மறையுமாயின், அந்த இழப்பை எந்த வெற்றியும் ஈடுசெய்யாது.

ஆதலின் நம் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். பதாகைக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு நெல்லியடியில் பழைய கார்க் கண்காட்சி ஒன்று நடத்துக. இன்றும் ஓடும் கார்களை வரிசையில் நிறுத்துக. முதிய மெக்கானிக்குகளை முன்வரிசையில் இருத்தி, அவர்கள் கூறுவதை எழுதிக்கொள்க. தொழில் பழக விரும்பும் வறிய பிள்ளைக்குக் கருவிப்பெட்டி ஒன்று வாங்கிக் கொடுக்க. நடிகர் வருவாராயின் அவரையும் வரவேற்போம். ஆனால், முதல் மாலை எண்ணெய் படிந்த அந்தக் கைகளுக்கே உரியது. அவரைக் கேட்டாலும் அவ்வாறே தீர்ப்பளிப்பார் என்பது எமது நம்பிக்கை.