குரல் கொடுத்தவருக்கு வானொலி என்ன கொடுக்கிறது?

தமிழ் வானொலிகளில் இப்போது நேயர்களின் குரல் இல்லாத நாள் இல்லை. "உங்கள் கருத்தைப் பதிவுசெய்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று அறிவிப்பாளர் ஓர் இலக்கத்தைச் சொல்கிறார். சற்று நேரத்தில் பசறையிலிருந்தோ ஹாலிஎலயிலிருந்தோ ஒரு குரல் வந்துவிடுகிறது. நேயருக்கு அது மகிழ்ச்சி. நிலையத்துக்குச் செலவில்லாத நிகழ்ச்சி. ஆனால், அனுப்பப்பட்ட குரலுக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

ஊவாவின் தோட்ட மக்களுக்கு வானொலியில் பங்கேற்பது புதிதல்ல. ஒரு காலத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் பாடலுக்கும் தபாலட்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். அறிவிப்பாளர் தோட்டத்தின் பெயரையும், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும் சேர்த்து வாசிப்பார். பெயர் கொழும்பிலிருந்து ஒலித்தது. குரல் லயத்திலேயே இருந்தது.

மக்களின் குரலையே நிகழ்ச்சியாக்கும் முயற்சியும் இந்த மாகாணத்துக்குப் புதிதல்ல. 1980களில் மகாவலி சமூக வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களில் சில நாட்கள் தங்கி, அங்குள்ளவர்களைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டையிலும் அதற்கு ஒரு நிலையம் இருந்தது. ஆனால், அது பெரும்பாலும் சிங்கள விவசாயக் குடியேற்றங்களுக்கான வானொலி. தேயிலைத் தோட்டங்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2000களின் தொடக்கத்தில் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் ஊவா சமூக வானொலி வந்தது. அதுவும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கியது. ஒரு சமூகம் தானே உரிமம் பெற்று நடத்தும் வானொலிக்கு இந்த நாட்டில் இன்றுவரை தனிச் சட்ட ஏற்பாடு இல்லை.

ஆகவே வட்ஸ்அப் திறந்துவிட்ட வழி பெரியதுதான். பதுளைக்கு பஸ் ஏறாமல், யாருடைய சிபாரிசும் இல்லாமல், ஒரு தோட்டத் தொழிலாளி தன் குரலை நிலையத்துக்கு அனுப்பலாம். பிரச்சினை, அங்கு போன பிறகு தொடங்குகிறது.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், நாளாந்தச் சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாகும் என்றும், வருகைக்கான ஊக்குவிப்பாக அரசாங்கம் மேலும் 200 ரூபா வழங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. இப்படியான நாட்களில் வானொலிகள் கருத்துக் கேட்கும். ஒரு பெண் இரண்டு நிமிடம் பேசி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சம்பளம் கூடுறது சந்தோஷம்" என்று தொடங்கி, எத்தனை கிலோ பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், தராசில் கழிப்பது எவ்வளவு என்று சொல்லிக்கொண்டு போகிறார். நேரமில்லை என்று முதல் பதினைந்து விநாடிகளை மட்டும் எடுத்தால் நாடு கேட்பது சந்தோஷத்தை மட்டும்தான். அவர் பொய் சொல்லவில்லை, நிலையமும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னது போய்ச் சேரவில்லை.

முழுவதையும் ஒலிபரப்பினால் வேறொரு ஆபத்து இருக்கிறது. பத்திரிகையாளர்கள் நாங்கள் பெயரை மறைத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று எண்ணிப் பழகியவர்கள். அச்சில் அது ஓரளவு சரி. ஆனால் இருபது, முப்பது குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் லயத்தில் குரல்தான் பெயர். பக்கத்துக் காம்பராவில் இருமினாலே யார் என்று தெரியும். பிரட்டுக் களத்தில் தினமும் அவரைக் காணும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் அவர் குரல் தெரியாதா? அந்தத் தொழிலாளிக்கு வேலை மட்டுமல்ல, வீடும் தோட்டத்துக்குச் சொந்தமானது. கொழும்பில் ஒரு நேயர் கருத்துச் சொல்வதும் இவர் கருத்துச் சொல்வதும் ஒன்றல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேற்றப்பட்டது. அதன் நடைமுறை தள்ளிப்போடப்பட்டே வந்திருக்கிறது. அதுவரை பொறுப்பு நிலையத்தின் மனச்சாட்சியிடம்தான் இருக்கிறது.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்தியாவின் சத்தீஸ்கரில் ஓர் உதாரணம் இருக்கிறது. பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா'வில், பழங்குடி மக்கள் சாதாரண கைபேசியில் அழைத்துத் தங்கள் மொழியில் செய்தியைப் பதிவுசெய்கிறார்கள். பொறுப்பாளர்கள் அதைச் சரிபார்த்த பிறகே மற்றவர்கள் கேட்கலாம். சம்பளம் வரவில்லை, குழாய்க்கிணறு உடைந்துவிட்டது என்ற முறைப்பாட்டோடு சம்பந்தப்பட்ட அதிகாரியின் தொலைபேசி இலக்கமும் சொல்லப்படும். கேட்பவர்கள் அவரை அழைக்கிறார்கள். வேலை நடந்தால், முறைப்பாடு செய்தவரே மறுபடி அழைத்து அதையும் பதிவுசெய்கிறார். அங்கே ஒரு குரல்பதிவு நிகழ்ச்சியின் இடைவெளியை நிரப்புவதோடு முடிவதில்லை. அதற்குத் தொடர்ச்சி இருக்கிறது.

நமக்கு அந்தத் தொடர்ச்சி ஏன் வேண்டும் என்பதற்குக் கொஸ்லந்தை மீரியபெத்தையைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதங்களில் இருந்தது, மக்கள் அதே லயங்களில் இருந்தார்கள். ஊடகங்கள் அங்கே மொய்த்தது மண் சரிந்த பிறகுதான். அழுகுரல் கிடைத்தால் ஒலிபரப்பத் தயாராக இருக்கும் நாம், "சுவர் வெடிக்குது, எங்களை எங்க போகச் சொல்றீங்க?" என்று முன்கூட்டியே வரும் குரலுக்கு இடம் வைத்திருக்கிறோமா?

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். முறைப்பாடாக வரும் குரலை ஒலிபரப்பும் முன் அனுப்பியவரைத் திருப்பி அழைத்து, "உங்கள் குரலைத் தெரிந்துகொள்வார்கள், போடலாமா?" என்று கேட்கலாம். பயந்தால், அவர் சொன்னதை அறிவிப்பாளர் தன் குரலில் சொல்லலாம். தோட்ட நிர்வாகத்திடமோ பிரதேச செயலகத்திடமோ விளக்கம் கேட்டு அதையும் சேர்க்கலாம். இரண்டு வாரம் கழித்து என்ன நடந்தது என்று அதே நிகழ்ச்சியில் சொல்லலாம். வெட்டினால் பொருள் மாறாமல் வெட்டலாம்.

பாட்டுக் கேட்கும் குரலுக்குப் பாட்டைக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. தண்ணீர் கேட்கும் குரலுக்கு, அந்தத் தண்ணீர் வந்ததா என்று குறைந்தபட்சம் திரும்பக் கேட்கவாவது வேண்டும்.