நகர்வனம்: நிழலுக்கும் நில அளவுகோல்

நகரங்களில் மரம் வளர்க்க நிதி இருக்கிறது; அது யாருடைய தெருவை எட்டுகிறது என்பதே கேள்வி. ஒன்றிய அரசு 2020இல் தொடங்கிய நகர்வனத் திட்டம் ஹெக்டேருக்கு 4 லட்சம் ரூபாய் வழங்குகிறது. காடுகளை அழித்ததற்கு ஈடாகத் திரட்டப்படும் காம்பா நிதியே இதன் ஊற்று. பழங்குடியினர் இழந்த காடுகளின் விலையும் அதில் அடங்கும்.

நகர்வனத்துக்குக் குறைந்தது 10 ஹெக்டேர் நிலம் வேண்டும். சிறிய வடிவமான நகர் வாடிகாவுக்கே 1 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் தேவை. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டு, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கடுக்காகக் குடியமர்த்தப்பட்ட தலித் மக்களுக்கு அவ்வளவு வெற்றிடம் ஏது? இவ்விதிகளில் சாதி என்ற சொல் இல்லை. நிலம் என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணை நகர்ப்புற வனவளர்ப்பை உள்ளாட்சிப் பணிகளுள் ஒன்றாக வகைப்படுத்துகிறது. எனவே பகுதி சபைகளில் மூன்று தீர்மானங்கள் எழ வேண்டும்: தெருவோர மரங்களுக்கும் இந்நிதி பொருந்த வேண்டும், பராமரிப்பு வேலையும் கூலியும் அப்பகுதி மக்களுக்கே கிடைக்க வேண்டும், பசுமையின் பெயரால் ஒரு குடிசையும் அகற்றப்படக் கூடாது. நிழல் சலுகையன்று, உரிமை.