கணிப்பு முந்தியது, உத்தரவு பிந்தியது

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை காலை அமெரிக்காவின் பஃபலோ நகரைப் பனிப்புயல் தாக்கியது. சொல்லாமல் வந்த புயல் அல்ல அது. தலைமுறைக்கு ஒருமுறை வரக்கூடியது என்று தேசிய வானிலைச் சேவையின் பஃபலோ அலுவலகம் சில நாட்களுக்கு முன்பே எச்சரித்துவிட்டது.

அந்தக் கணிப்புக்கு அடிப்படை இருந்தது. ஈரி ஏரி அப்போது உறைந்திருக்கவில்லை. ஏறக்குறைய 390 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நீர்ப்பரப்பின் மேல் தென்மேற்கிலிருந்து கடுங்குளிர் காற்று நீளவாக்கில் வீசினால், வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். கிழக்கு முனையில் இருக்கும் பஃபலோவில் பனியாகக் கொட்டும். கொட்டவும் செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் காற்று. விமான நிலையத்தில் நான்கு அடிக்கு மேல் பனி. எதிரே இருப்பது தெரியாத நிலை 37 மணி நேரம் நீடித்தது.

வானிலைக்காரர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். மாவட்ட நிர்வாகமோ, வாகனங்கள் ஓடத் தடை என்ற உத்தரவை அன்று காலை 9.30 மணிக்குத்தான் அமலுக்குக் கொண்டுவந்தது. அறிவித்ததும் அதே காலையில், ஒரு மணி நேரம்கூட அவகாசம் தராமல். காலை ஷிஃப்டுக்குப் போனவர்கள் அதற்குள் வேலையில் இருந்தார்கள். தடை இல்லாத நாளில் வீட்டிலிருந்தால் கூலி போகும். சில இடங்களில் வேலையே போகும். முந்தின இரவே உத்தரவு வந்திருந்தால் அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பியே இருக்க வேண்டாம்.

நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரில் சிக்கியவர்கள், தெருவில் விழுந்தவர்கள், மின்சாரம் போய் வீட்டுக்குள்ளேயே விறைத்தவர்கள், ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல் உயிர்விட்டவர்கள். நகர எல்லைக்குள் இறந்த 31 பேரில் 20 பேர் கறுப்பினத்தவர். நகர மக்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இதை விதி என்று சொல்லி ஒதுக்க முடியாது. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் தந்த அறிக்கையும் தடை தாமதமானதைச் சுட்டியது.

1977இன் பெரும் பனிப்புயலையும் பார்த்த ஊர் இது. இனியாவது, பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாள் மாலைக்குள் தடை அறிவிக்கப்பட வேண்டும். அன்றைய கூலி பிடிக்கப்படாது என்ற உறுதியும் கூடவே வேண்டும்; அது இல்லாத தடையை ஏழைத் தொழிலாளி மதிக்க வழியில்லை. பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் போகும் குறுஞ்செய்தி போதாது, எச்சரிக்கை எல்லாக் கைப்பேசியிலும் ஒலிக்க வேண்டும். நகரின் கிழக்குப் பகுதி ஏழைக் குடியிருப்புகளில், நடந்து போகும் தூரத்தில், ஜெனரேட்டர் வசதியுள்ள தங்குமிடங்களைப் புயலுக்கு முன்பே திறந்து வைக்க வேண்டும்.

ஈரி ஏரி அடுத்த டிசம்பரிலும் உறையாமல் இருக்கக்கூடும். அதற்குள் இந்த விதிகளை எழுத்தில் கொண்டுவருவது மாவட்ட நிர்வாகத்தின் கடமை.