கைத்துளைப் பை

திருச்செந்தூரினின்றும் ஊர் திரும்புவோர் கையிற் பெரும்பாலும் கருப்பட்டி இருக்கும். உடன்குடிக் கருப்பட்டியின் சுவை நாடறிந்தது. முன்னாளில் அது பனையோலைக் கொட்டானிற் சென்றது. மணப்பாட்டில் இன்றும் மகளிர் ஓலை முடைகின்றனராயினும், கடைத்தெருவிற் கொட்டானைக் காண்டல் அரிதாயிற்று. இந்நாளிற் கருப்பட்டி செல்வது பையில். அப்பையைப் பற்றி, அதிலும் சிறப்பாக அதன் பிடியைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் சங்கநூல்களை விட்டுப் பையைப் பற்றி எழுதப் புகுதல் ஆசிரியர் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், நம் மாணவர் மன்றத்தார் அடுத்த ஆண்டு விழாவிற்குப் பெயர் பொறித்த மஞ்சட்பைகளை அச்சிட்டு வழங்கக் கருதியிருத்தலின், அவை அச்சேறுமுன் என் கருத்தைக் கூறுதல் கடமையெனக் கொண்டேன். அப்பைகள் வேண்டா என்பதே என் கருத்து.

சென்ற கோடை விடுமுறையில் இரண்டு கிலோ கருப்பட்டியும் சிறிது பனங்கிழங்கு மாவும் வாங்கிப் புதிய மஞ்சட்பை ஒன்றில் இட்டுப் பேருந்து நிலையத்திற் நின்றேன். பேருந்தைக் கண்டு நான்கடி ஓடினேன். பையின் பிடி தைத்த இடத்திலேயே பிரிந்தது. கருப்பட்டிச் சில்லுகள் புழுதியில் உருண்டன. அவற்றைத் துடைத்துக்கொண்டு வீடு சேர்ந்தபோது, தையற்பொறியின்முன் அமர்ந்திருந்த என் அத்தை பையை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். “ஏலே, ஓட்டிவச்ச பிடி பிரியத்தாம்லே செய்யும். ஒரே ஒரு தையல், அதுவும் ஓரத்துல. துணியிலேயே பிடியை வெட்டியிருந்தா எங்கெ போயிரும்?” என்றார். யான் இதுகாறும் கற்ற கைத்தொழில் அனைத்திற்கும் தொடக்கம் அவ்வினாவே.

நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை 2018-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றது. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையிற் பத்து ரூபாய்க் காசு இட்டால் மஞ்சட்பை தரும் பொறியொன்றும் 2022-இல் வைக்கப்பட்டது. பட்டிக்காட்டான் அடையாளம் என்று ஒருகாலத்து எள்ளப்பட்ட பை மீண்டும் மதிப்புப் பெற்றமை மகிழ்தற்குரியதே. ஆயினும் அவ்வியக்கத்தின் பெயரில் உள்ள ‘மீண்டும்’ என்னும் சொல்லை நாம் பிழைபடப் பொருள்கொண்டோம் என அஞ்சுகின்றேன். பையை மீண்டும் எடுத்தல் என்று கொள்ளாமல், மீண்டும் மீண்டும் அச்சிடுதல் என்று கொண்டுவிட்டோம். மணவிழாவிற் பை, புதுமனை புகுவிழாவிற் பை, கடைத்திறப்பிற் பை! எங்கள் வீட்டுக் கதவின்பின் ஆணியில் தொங்குவனவற்றை ஒருநாள் எண்ணினேன், 23 இருந்தன. அன்று மாலையே என் தந்தையார் மீன் வாங்கப் பிளாஸ்டிக் உறையோடு திரும்பினார். 23 பையும் ஆணியிலேயே இருந்தன.

பருத்திப்பை என்பதனாலேயே ஒரு பை குற்றமற்றதாகிவிடாது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியில் ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகின்றது என்பர் நீர்க்கணக்கு வல்லார். நூறு கிராம் எடையுள்ள பை ஒன்றிற்கு ஆயிரம் லிட்டர்! தேரிக்காட்டு மணலில் ஒருகுடம் நீரின் அருமை அறிந்த எம் பக்கத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. டென்மார்க்கு நாட்டுச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்று, புவிவெப்பம் ஒன்றையே கருதினாலும் புதிய பருத்திப்பை 52 முறையேனும் எடுத்தாளப்பட்டாலன்றிப் பிளாஸ்டிக் பையினும் நன்றாகாது என்றும், எல்லா வகைக் கேடுகளையும் கூட்டி நோக்கின் 7,100 முறை ஆளப்படல் வேண்டும் என்றும் கூறுகின்றது. நாள்தோறும் ஒருமுறை எடுப்பினும் 7,100-ஐ எட்ட 19 ஆண்டுகட்கு மேற்செல்லும். என் வயதும் அவ்வளவே. அவ்வாய்வு எறியப்பட்ட பையினாற் கடற்கு விளையும் கேட்டைக் கணக்கிற் கொள்ளவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். மன்னார் வளைகுடாவின் கரையில் வாழும் நாம் அதனை மறத்தல் இயலாது. நீரில் மிதக்கும் உறையைச் சொறிமீன் என்று மயங்கி விழுங்கும் ஆமைக்குப் புவிவெப்பக் கணக்கால் ஆவதென்ன? ஆதலின் பிளாஸ்டிக்கிற்குத் திரும்புக என்பது என் கருத்தன்று. புதிய துணியை வெட்டாதீர், முன்னமே உழைத்த துணியை வெட்டுக என்பதே. பழைய வேட்டி தனக்குரிய நீரை என்றோ குடித்து, தனக்குரிய பயனை என்றோ தந்துவிட்டது. பையாக அது வாழும் வாழ்வனைத்தும் மிகுதிப்பேறு.

ஈண்டு ஒரு போலியைப் பற்றியும் எச்சரித்தல் தகும். துணிபோலத் தோன்றி, மேலே அரைநிலா வடிவில் துளைத்த பிடியோடு கடைகளில் வழங்கும் பை உளதன்றோ? அது துணியன்று. அரிசிச் சாக்கு நெய்யப்படும் அதே பாலிபுரோப்பிலீனை நெய்யாமல் ஒட்டித் தகடாக்கியது. ஓரத்தில் ஊசியாற் கிளறிப் பாருங்கள். பாவும் இல்லை, ஊடையும் இல்லை. தீயருகே காட்டினால் சாம்பலாகாது சுருங்கி உருகும். சின்னாட்களில் நைந்து தும்பு தும்பாய் உதிரும் இப்பை, துணி என்னும் பெயரால் நம் நல்லெண்ணத்தையே ஏமாற்றுகின்றது. ஆயினும் அதன் வடிவம் பழிக்கத்தக்கதன்று. வேறு நாடா வேண்டாமல் உடலிலேயே பிடி அமைந்த அவ்வடிவத்தை மெய்யான துணியில் அமைத்துக்கொள்ளல் கூடும். அதனையே என் அத்தை கற்பித்தார்.

முதற்பையை யான் கெடுத்தேன். துணியிற் கத்தரியால் நீள்துளை வெட்டி, பிறகு அதன் விளிம்பை மடித்துத் தைக்க முயன்றேன். வளைவில் துணி மடியாது பிசிர்ந்தது. பிசிரை வெட்ட வெட்டத் துளை பெருத்துப் பூனை நுழையும் வாயிலாயிற்று. “முதல்ல தையி, பிறகு வெட்டு” என்றார் அத்தை. சட்டைக்குக் காஜா எடுப்பவர் சிலர் முன்னே சுற்றித் தைத்துவிட்டு நடுவே கீறுதல் போலவே இதுவும். கைத்துளை என்பது பெரியதொரு காஜா. அதிற் பொத்தானுக்குப் பதிலாக நான்கு விரல் நுழைகின்றன.

அவர் காட்டிய முறை இது. பழைய வேட்டியை வெளிச்சத்திற் பிடித்து நைந்த இடங்களை விலக்குக. அகலம் 16 அங்குலம், உயரம் 18 அங்குலமாக நான்கு துண்டுகள் வேண்டும். அவற்றுள் இரண்டேனும் மேல்விளிம்பில் வேட்டியின் கரை அமையுமாறு வெட்டப்படல் வேண்டும். கரையை மேலே வைப்பது அழகிற்காக மட்டுமன்று. கரை வழியே ஓடுவது பாவுநூல். துளைக்கு மேலுள்ள சிறு பட்டையே சுமை முழுவதையும் தாங்குவதாகலின், அப்பட்டையின் நீளவாட்டிற் பாவும், நெருங்கிய கரைநெசவும் இருத்தல் பெருவலி தரும். இதனை எந்த நூலிலும் யான் கற்றிலேன். வேட்டியைக் கையால் இருபுறமும் இழுத்துப் பார்த்தே உணர்ந்தேன்.

வேட்டித்துணி மெல்லியதாகலின் இரண்டிரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலோட்டிக்கொள்க. மேல்விளிம்பினின்று இரண்டு அங்குலம் கீழே, நடுவில், நாலரை அங்குல நீளத்திற்குத் துளை வரைக. துளையின் இருமுனைகளையும் பத்து ரூபாய்க் காசை வைத்து வட்டமாக வரைதல் வேண்டும். (பொறியில் இடுதற்குரிய காசு இவ்வாறும் பயன்படுகின்றது!) முனை சதுரமாயின் சுமையின் இழுப்பெல்லாம் அம்மூலையிலேயே குவிந்து அங்கிருந்தே கிழியத் தொடங்கும், வட்டமாயின் இழுப்புப் பரந்து நிற்கும். பின்பு, கெட்டியான ஒட்டுத்துணி ஒன்றைப் பையின் வெளிப்புறத்தில், நல்ல பக்கம் உள்நோக்க வைத்து, வரைந்த கோட்டின்மேல் இருமுறை சுற்றித் தைக்க. அதன்பின்னரே நடுவிற் கீறி, முனைகளில் மீன்வால்போற் பிளந்து, தையலுக்கு ஒரு நூலிழை அளவு விட்டு நிறுத்துக. தையலை வெட்டினாலோ எல்லாம் கெடும். வெகுதொலைவில் நிறுத்தினாலோ வளைவு சுருங்கிக் கோணும். ஒட்டுத்துணியைத் துளைவழியே உள்ளே இழுத்துத் திருப்பி, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, விளிம்பைச் சுற்றி மற்றொரு தையல் இடுக. உட்புறத்தில் ஒட்டுத்துணியின் புறவோரத்தை மடித்துத் தைத்துவிடுக. பக்கங்களை ஒருமுறை வெளிப்புறமாகத் தைத்து, திருப்பி உட்புறமாக மறுமுறை தைத்தால் பிசிர் வெளித்தோன்றாது. அடியில் மூன்று வரி. பொறி இல்லாதவர் கையால் பின்தையல் இடலாம். எனக்கு ஒரு பைக்கு இரண்டு மாலைப்பொழுது சென்றது.

விடுதியில் யான் ஊசியோடு அமர்ந்திருந்ததைக் கண்ட நண்பர் ஒருவர், ‘தையல் தையலார்க்கு உரியது’ என்று சிலேடை பேசினார். சொல் அழகிது, செய்தி பிழை. இடையன்குடியில் எலிசா கால்டுவெல் அம்மையார் மகளிர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தது தொட்டு எம் பக்கத்துப் பெண்டிர் ஊசியாற் புகழ்பெற்றது மெய்யே. ஆயின் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள் துன்னகாரரையும், தோல் தைப்போரையும் பொற்கொல்லரோடு ஒருங்கு வைத்தாரன்றோ? கொழும்புக்கு ஓடிய தூத்துக்குடித் தோணிகளின் பாயைத் தைத்த கைகள் யாருடையவை? 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில், கடலடியிற் சிப்பியை வாரி இட்ட கயிற்றுவலைப் பையைப் பின்னியவர் யாவர்? இன்றும் மாலையிற் கரையில் அமர்ந்து வலையின் கிழிசலை இணைப்போரைப் போய்க் காண்க. என் நண்பருக்கு இவ்வளவும் சொன்னேன். இரண்டு நாட் கழித்துத் தம் பழைய தலையணை உறையைக் கொணர்ந்து, “இதில் வருமா?” என்றார். வந்தது; நன்றாகவே வந்தது.

கைத்துளைப் பைக்குக் குறை இல்லையென்று வழக்காட மாட்டேன். தோளில் மாட்ட இயலாது. மூன்று நான்கு கிலோவிற்கு மேற் சுமந்தால் விரல் நோகும். கடைக்காரர் நிரப்புங்கால் துளைவழியே சிறுவெங்காயம் வழுகி விழுவதும் உண்டு. நூற்பொதி சுமக்கும் மாணவர்க்கு நாடாப் பையே ஏற்றது. அவர் நாடாவை அடிவரை இறக்கித் தைத்துக்கொள்வாராக. சந்தைக்கும் மீன்கடைக்கும் கருப்பட்டிக்கும் இது போதும். மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். ஆணியில் தொங்கவேண்டிய தேவையே இல்லை. கையிலுள்ளதே எடுக்கப்படுகின்றது என்பதை என் தந்தையாரிடம் கண்டேன். அவர் வேட்டியாலேயே தைத்த பை அது. ஒவ்வொருமுறை எடுத்தபோதும் உட்புறத்திற் சிவப்பு நூலால் ஒரு புள்ளி இட்டுவருகின்றேன். விடுமுறை முடிவில் 41 புள்ளிகள் இருந்தன.

மன்றத்தார்க்கு என் வேண்டுகோள் இது. அச்சிடும் பைகளுக்கென ஒதுக்கிய தொகையில் நல்ல கத்தரிக்கோல் ஆறும், பழைய தையற்பொறி இரண்டும் வாங்கி விடுதிப் படிப்பறையின் மூலையில் வைப்பீராக. விழாவிற்கு வரும் பழைய மாணவர்கள் வீட்டில் தேங்கிக் கிடக்கும் வேட்டி, சேலை, திரைச்சீலை ஒவ்வொன்று கொணர்க. பெயர் பொறித்தே தீரவேண்டும் என்பார், கல்லூரியின் பெயரை ஊசியால் எழுதட்டும்; எத்தனை பேர் எழுதுவர் என்று பார்ப்போம். கற்பிக்க என் அத்தை வர இசைந்துள்ளார். பேருந்துக் கட்டணம் வேண்டாவாம். பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் கருப்பட்டிக் காப்பி மட்டும் தவறாது வேண்டுமாம்.