தத்துவம் என்ன பரம்பரைச் சொத்தா?

மயிலாப்பூர் லஸ் முனை நடைபாதைக் கடையில் பழைய புத்தகங்களைப் புரட்டும்போது ராமானுஜரைப் பற்றிய நூலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் "சார் ஐயங்காரா?" என்பார். மெய்கண்டாரை எடுத்தால் "சைவப் பிள்ளைமாரோ?" என்பார். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரை எடுத்தால் வாய் கேட்காது, பார்வை கேட்கும். பெரியாரைப் படிக்கும் அக்ரகாரத்துப் பையனிடம் "யார்டா உன்னைக் கெடுத்தது?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். ஒருவருக்குப் பிடித்த தத்துவவாதி யார் என்பது அவர் பிறந்த வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது என்ற நம்பிக்கை மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எங்கும் ஊறிக் கிடக்கிறது. ஆத்திகர், நாத்திகர் என்ற வேற்றுமை இதில் கிடையாது. இந்த நம்பிக்கை பொய். எந்த ஆசான்களின் பெயரால் இதைச் சொல்கிறார்களோ, அந்த ஆசான்களையே சிறுமைப்படுத்தும் பொய்.

ராமானுஜரையே எடுத்துக்கொள்வோம். காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டவர் அவர். உபநிடத வாக்கியம் ஒன்றுக்கு ஆசான் சொன்ன பொருளை ஏற்க முடியாமல் மாணவர் எதிர்த்துப் பேசினார் என்றும், அந்தப் பிணக்கு பிரிவில் முடிந்தது என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கொடுத்த பாடத்தை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தால் ராமானுஜர் என்று ஒருவரே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். சைவத்தில் இன்னும் துணிச்சலான கதை உண்டு. அருணந்தி சிவாச்சாரியார் மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு, வயதில் மூத்தவர், சகலாகம பண்டிதர் என்று பெயர் வாங்கியவர். அவர்தான் அந்தச் சிறுவனின் காலில் விழுந்து மாணவரானார். வம்சம் குருவைத் தீர்மானிக்கும் என்றால் இந்த நிகழ்ச்சியை எந்தக் கணக்கில் எழுதுவது?

வைணவத்தின் வடகலை, தென்கலை என்ற பிரிவை எடுத்துக்கொண்டால் என் மனம் உண்மையிலேயே கொதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரன் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். கோத்திரம், நட்சத்திரம், சம்பளம், அவற்றுக்கு நடுவே ஒரு சொல்லாக வடகலை அல்லது தென்கலை. ஆழமான ஒரு தத்துவக் கேள்வி அங்கே சாதி உட்பிரிவாகச் சுருண்டு கிடக்கிறது. இறைவனின் அருளைப் பெற உயிர் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா? தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போலவா உயிர்? அல்லது தாய் வாயில் கவ்விச் செல்ல, தான் எதுவும் செய்யாமல் கிடக்கும் பூனைக்குட்டியைப் போலவா? மனித முயற்சிக்கு எவ்வளவு இடம், அருளுக்கு எவ்வளவு இடம் என்று அகஸ்டினும் பெலாகியஸும் கிறிஸ்தவ உலகில் மோதிக்கொண்ட கேள்வியும் இதுவே. குரங்கின் பக்கம் வடகலையின் வேதாந்த தேசிகரும், பூனையின் பக்கம் தென்கலையின் பிள்ளை லோகாசாரியரும் எழுதிக் குவித்தார்கள். மயிலாப்பூர் சித்திரக்குளத்தை ஒட்டி தேசிகர் பெயரால் கோயிலே இருக்கிறது. அங்கே நாள் தவறாமல் சேவிக்கப் போகும் எத்தனை பேர், பூனையின் பக்கம் நியாயம் இருக்கலாமோ என்று ஒரு மாலையாவது யோசித்திருப்பார்கள்? யோசித்துவிட்டுக் குரங்கின் பக்கமே திரும்பி வந்தால் அவரை நான் வணங்குவேன். யோசிக்காமலே நெற்றியில் இட்டுக்கொள்பவரிடம் இருப்பது அடையாளம், தேசிகரின் தத்துவம் அல்ல. பரமதங்களை எடுத்துவைத்து மறுக்கத் தனி நூலே எழுதியவர் தேசிகர்.

தமிழ் மரபு இந்த விஷயத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னே நின்றது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் இருபத்தேழாவது காதையை மட்டும் படித்தால் போதும். அதில் மணிமேகலை வஞ்சிக்குப் போய், மாதவன் (ஆண் துறவி) வடிவம் தாங்கி, அளவைவாதி தொடங்கி பூதவாதி வரை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பிறகே காஞ்சியில் அறவண அடிகளிடம் முழுப் பாடம். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரையே நீ அனுமானத்தால்தானே அறிகிறாய் என்று மடக்குகிறாள். பிறப்பைக் காட்டி வாயடைக்கும் ஊரில் இந்தக் கேள்வியைச் சுவரில் எழுதி வைக்கலாம். அந்தக் காப்பியத்தை 1898-இல் பதிப்பித்தவர் சைவ மடத்தில் படித்த உ.வே. சாமிநாதையர். அவருக்கு உதவியாக ஆங்கில நூல்களிலிருந்து பௌத்தத்தை எடுத்துச் சொன்னவர் மளூர் ரங்காசாரியார் என்ற வைணவர். இருவரும் பௌத்தராகிவிடவில்லை. பிறர் மதத்தை அதன் முழு வலிமையோடு புரிந்துகொள்ளாமல் உரை எழுதுவது பாவம் என்று மட்டும் நினைத்தார்கள்.

வீடு கொடுப்பதை உதற முடியாது, தாய்மொழி போல அது முதலில் வருகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், அதில் நியாயம் உண்டு. தொடக்கம் யார் கையிலும் இல்லை. இன்று மயிலாப்பூரில் பெரிய சாலைக்கே பெயராக நிற்கும் ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் படித்து முடித்த பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததுதான். ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற கிறிஸ்தவ ஆசிரியர்களின் விமர்சனம் அவரைச் சுட்டது. 1908-இல் எம்.ஏ. ஆய்வேட்டை அதற்குப் பதிலாகவே எழுதினார். எதிராளியின் அடி பட்ட பிறகே வேதாந்தம் அவருடையதானது. அடையாறு கடற்கரையில் 1909-இல் பிரம்மஞான சபையாரால் கண்டெடுக்கப்பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தியோ 1929-இல் தனக்காக உருவாக்கப்பட்ட அமைப்பையே கலைத்தார். கையில் திணிக்கப்பட்டது எவ்வளவு பெரிய பீடமானாலும் மறுக்க முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

என் தேர்வையும் சொல்லிவிடுகிறேன். பொ. லட்சுமி நரசு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். இராயப்பேட்டையில் அயோத்திதாசர் வளர்த்த சாக்கிய பௌத்த இயக்கத்தோடு சேர்ந்து நின்றவர். 1907-இல் ஆங்கிலத்தில் 'பௌத்தத்தின் சாரம்' எழுதினார். 1948-இல் அதன் மறுபதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். நரசு எனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. புத்தர் சொன்னார் என்பதற்காகப் புத்தரை ஏற்காதவர் அவர். ஆய்வுக்கூடத்தில் ஒரு கூற்றிடம் கேட்பதையே தர்மத்திடமும் கேட்கிறார்: இதற்கு ஆதாரம் என்ன, இதனால் துன்பம் குறைகிறதா, சாதி என்ற அநீதியோடு இது ஒத்துப்போகிறதா? ஒரு உயிர் உடல் விட்டு உடல் பாயும் என்ற கருத்தை அவர் தள்ளிவிடுகிறார். மனிதன் செய்தது பிறர் வாழ்வில் தொடரும் என்பதே அவருக்கு வினை. அந்த நேர்மை என்னை முதல் வாசிப்பிலேயே பிடித்துக்கொண்டது.

ஆனால் சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் அருணந்தி பௌத்தரை நோக்கி எழுப்பும் ஒரு வாதம் நரசுவின் மேல் நேராக வந்து விழுகிறது. எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்றால், செய்தவன் ஒருவன், பயன் அனுபவிப்பவன் வேறொருவன் ஆகிவிடவில்லையா? கொடுமைக்கு ஆளாகி, நியாயம் கிடைக்காமலே செத்துப்போனவளுக்கு, அவள் வேதனை அடுத்த தலைமுறையை விழிக்கவைக்கும் என்று சொல்வது பதிலாகுமா? நரசுவின் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டியும் எனக்கு நிறைவான விடை அகப்படவில்லை. அருணந்தியின் விடையோ, நிலைத்த உயிரையும் மேலே பதி என்ற இறைவனையும் முதலில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு ஆதாரம் எங்கே என்று நரசு கேட்பார். இரண்டு நூல்களும் என் மேசையில் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. நரசுவை நான் விடுவதாக இல்லை. அருணந்திக்குப் பதில் சொல்லும் கடன் என் தலையில் இருக்கிறது.