இன்னொரு பி.பி.எஃப்.

நம் வயதுக்காரர்களுக்கு பி.பி.எஃப். என்றால் ஒன்றுதான். 15 வருடம் போட்டு வைத்து, முதிர்வு நாளில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பாங்க்குக்கோ தபால் ஆபீசுக்கோ போவோமே, அது. இப்போது அதே பெயரில் இன்னொன்று வந்திருக்கிறது. இதில் போட்ட பணம் திரும்பி வராது. புதுக் காரின் பெயிண்ட் மேல் ஒட்டுகிற, கண்ணாடி மாதிரித் தெரியும் ஃபிலிம். பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம் என்பது முழுப்பெயர்.

எனக்குத் தெரிந்து மூன்று நண்பர்கள் சமீபத்தில் இதைப் பற்றிக் கேட்டார்கள். மூவரும் ரிட்டயர் ஆனவர்கள், மூவரும் மின்சார கார் வாங்குகிறவர்கள். கிளட்ச் மிதிக்க வேண்டாம், முழங்காலுக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் ஷோரூமில் எல்லாம் பேசி முடித்து, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடும் சமயத்தில் ஒரு பையன் வந்து நிற்கிறான். "சார், ஃபுல் பாடி பி.பி.எஃப். போட்டுடுங்க. அப்புறம் டென்ஷனே இல்லை." எவ்வளவு தம்பி என்று கேட்டால், ஒரு லட்சத்தை ஒட்டி ஒரு தொகை சொல்கிறான். பத்துப் பதினைந்து லட்சம் கொடுத்த மயக்கத்தில் இந்த ஒரு லட்சம் சிறிதாகத் தெரியும். அதுதான் அந்த நேரத்தின் சூட்சுமம்.

என் அபிப்பிராயம் இதுதான்: முழுக் காருக்கும் வேண்டாம். ஒன்றுமே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். முன்பக்கத்துக்கும் கை படும் சில இடங்களுக்கும் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

ஃபிலிமைப் பழிப்பது என் நோக்கமில்லை. நல்ல சரக்குதான். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க ஒட்டிய பாலியூரிதேன் படலத்தின் பேரப்பிள்ளை இது. இப்போது வருவதை டி.பி.யு. என்கிறார்கள். கனம் 150 முதல் 200 மைக்ரான். காரின் மொத்தப் பெயிண்டும் சேர்த்தே சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதிலும் மேலே பளபளப்புத் தரும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். அதாவது சட்டையை விடக் கனமான ஒரு மேல்சட்டை. துணியால் துடைக்கும்போது விழும் மெல்லிய கீறல்கள் வெயில் பட்டாலே, இல்லை வெந்நீர் ஊற்றினாலே, தானாக மறைந்துவிடும். செராமிக் கோட்டிங் என்று இன்னொன்று சொல்வார்கள். அது சில மைக்ரான் கூட வராது. தண்ணீர் வழுக்கி ஓடும், கல்லை நிறுத்தாது. இரண்டையும் ஒன்று என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். காரைப் பொறுத்தவரை கண்ணடிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் போதும். ஃபிலிம் கல்லடிக்கு மட்டும். ஆகவே கல் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும்.

நான் இருப்பது திருச்சியில். இங்கிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பெரம்பலூர் பக்கம் கல்குவாரிகள் அதிகம். தார்ப்பாய் சரியாகக் கட்டாத ஜல்லி லாரி ஒன்று முன்னால் போனால் போதும். நாம் 80-ல் போகிறோம், சாலையில் விழுந்த ஜல்லி லாரி டயரில் பட்டு எகிறி வருகிறது. அது வந்து படுவது பம்பரில், பானெட்டின் முன் ஓரத்தில், ஹெட்லைட்டில், சைடு மிரரின் முதுகில். பெட்ரோல் காரில் முன்னால் கிரில் என்று பெரிய ஜாலி இருக்கும், பாதிக் கல் அதில் போய்விடும். மின்சார காருக்கு ரேடியேட்டருக்குக் காற்று அவ்வளவு வேண்டாம் என்பதால் பல மாடல்களில் முகத்தை மூடி, பெயிண்ட் அடித்து விட்டிருக்கிறார்கள். பார்க்க லட்சணம். ஆனால் ஜாலியில் பட வேண்டிய கல் இப்போது பெயிண்டில் படுகிறது. மின்சார காருக்கு முன்பக்க ஃபிலிம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அடுத்தது, நம் சொந்தச் சக்கரமே எறியும் கல். முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே ஓடும் பட்டையிலும், பின்சக்கரத்துக்கு முன்னால் உடம்பு புடைத்திருக்கும் இடத்திலும் படும். அங்கே ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டினால் போதும்.

பிறகு நாமே கெடுக்கும் இடங்கள். கதவுக் கைப்பிடிக்குள் இருக்கும் குழியைப் பாருங்கள், வளையலும் மோதிரமும் நகமும் பட்டு ஆறே மாதத்தில் கோடுகள் விழுந்திருக்கும். அடுக்குமாடி பார்க்கிங்கில் தூண் பக்கம் திறக்கும் கதவின் ஓரம். டிக்கி வாசலின் பம்பர் மேல்பகுதி, அரிசி மூட்டையும் பெட்டியும் உரசி இறங்கும் இடம். மின்சார காருக்கு மட்டும் இன்னொன்று உண்டு: சார்ஜிங் மூடியைச் சுற்றி. தினமும் அந்தக் கன்னைச் சொருகி எடுக்கும்போது கேபிள் பக்கத்துத் தகட்டில் உரசிக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் சின்னத் துண்டுகள்தான் தேவை. முன்பக்கம் போட்டு மிஞ்சும் ஃபிலிமிலேயே பாதி முடிந்துவிடும் என்பதால் கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள்.

கூரை, நான்கு கதவுகள், டிக்கி? அங்கே கல் வருவது அபூர்வம். வருவது காக்கை எச்சம், வேப்பம்பழம், போர்வெல் உப்புத் தண்ணீரின் வெள்ளைப் புள்ளி, வெயில். எச்சத்தை நாள் கணக்கில் விட்டால் ஃபிலிமிலும் கறை பிடிக்கும். ஒரு குவளைத் தண்ணீரும் பழைய பனியனும் செய்கிற வேலைக்கு எழுபதாயிரம் எதற்கு? பக்கத்து பைக்கின் ஹேண்டில்பார் சாய்ந்தால் விழும் ஒடுக்கை எந்த ஃபிலிமும் தடுக்காது.

என் தங்கை மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, விக்கும்போது நல்ல விலை வரும்" என்கிறான். பழைய மின்சார கார் வாங்க வருகிறவன் முதலில் கேட்கப்போவது பேட்டரியை. பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. அதில் எவ்வளவு பாக்கி என்பதில்தான் விலை நிற்கும். அவன் வாரம் இரண்டு தடவை பெங்களூர் போய் வருகிறவன், கறுப்புக் கார், பத்து வருடம் வைத்திருப்பான். அவனுக்கு முழு ஃபிலிம் நியாயம். எனக்கும் உங்களுக்கும் காரின் ஓட்டம் மார்க்கெட், கோயில், மருத்துவர், எப்போதாவது சென்னை. நம்மில் பாதிப்பேர் வெள்ளைக் கார் வேறு வாங்குகிறோம். மலிவு ஃபிலிம் மஞ்சளானால் வெள்ளையில்தான் முதலில் தெரியும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு 2,050 ரூபாய் வருகிறது. மாதம் 500 கி.மீ. ஓட்டுகிறீர்கள், ஒரு யூனிட்டில் 7 கி.மீ. ஓடுகிறது, யூனிட் 8 ரூபாய் என்று வையுங்கள். மூன்று மாத மின்சாரச் செலவு சுமார் 1,700. வட்டியிலேயே கார் ஓடிவிடும், அசல் அப்படியே இருக்கும். இதோடு ஒரு வேடிக்கை: மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதன் மேல் ஒட்டும் ஃபிலிமுக்கு 18.

செலவு செய்தே தீருவேன் என்றால் இன்ஷூரன்ஸில் செய்யுங்கள். பேட்டரி காரின் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. நம் ஊர் வேகத்தடைகள் எந்த அளவுகோலில் கட்டப்படுகின்றன என்பது கட்டினவருக்கே வெளிச்சம். அங்கே ஃபிலிம் உதவாது. பேட்டரிக்குத் தனிப் பாதுகாப்புச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், பம்பர் பிளாஸ்டிக்தான். தேய்மானம் பிடிக்காத பாலிசி நல்லது.

ஃபிலிம் கடையில் கேட்க வேண்டியவை கொஞ்சம். பில்லில் டி.பி.யு. என்று எழுதித் தரவேண்டும், பி.வி.சி. வேண்டாம். காரின் மேலேயே வைத்துக் கத்தியால் வெட்டாமல், மெஷினில் அளவாக வெட்டி ஒட்டுகிற கடையாகப் பாருங்கள். பார்க்கிங் சென்சாரின் வட்டங்களும் கேமராவும் மூடப்படக்கூடாது. பம்பருக்குள் ரேடார் இருந்தால் காரோடு வந்த புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டுச் செய்யுங்கள். "உச்ச நீதிமன்றம் தடை பண்ணிய ஃபிலிம் இல்லையா இது?" என்று ஒரு நண்பர் பயந்தார். 2012-ல் தடை வந்தது கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமுக்கு. இது நிறமில்லாதது, தகட்டில் ஒட்டுவது. பயம் வேண்டாம்.

பூஜையை ஃபிலிமுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஒட்டின ஃபிலிம் காய்ந்து பிடிக்கச் சில நாள் ஆகும், அதுவரை அதன் மேல் சந்தனமும் மாலையும் கூடாது. பூஜை முடிந்து, பானெட்டை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு கடையில் விடுங்கள். அடியில் சிக்கிக்கொண்ட குங்குமத் துணுக்கு ஒன்று, ஃபிலிமை உரிக்கும் வரை அங்கேயே இருக்கும்.