சூடான எஞ்சினை நம்பி சேமலாபக் காசைக் கொடுக்காதீர்கள்



சம்பளத்தைப் பற்றியும் வீட்டுக் காணியைப் பற்றியும் எழுதி வந்த நாங்கள் இம்முறை பழைய டீசல் வேனைப் பற்றி எழுதுகிறோம். "சங்கத்துக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம்முடைய ஓய்வுக்காசு இன்று போய்ச் சேரும் இடங்களில் ஒன்று இந்தப் பழைய வேன்தான்.

அப்பாவுக்கு 55 வயதானதும், அம்மாவுக்கு 50 வயதானதும் சேமலாப நிதி கைக்கு வருகிறது. கொழும்பில் கடையில் நின்ற மகன் ஊருக்குத் திரும்புகிறான். "ஒரு வேன் எடுத்தா ஸ்கூல் ஹயர் ஓட்டலாம்ப்பா" என்கிறான். அந்த ஆசையில் தப்பே கிடையாது. மேல் டிவிசனுக்கு பஸ் வராது. பிள்ளைகள் மழையில் நடக்கிறார்கள். இரவில் பிரசவ வலி வந்தால் வண்டி தேடி லயம் லயமாக ஓடுகிறோம். வேன் நமக்குத் தேவை. ஆனால் அதை வாங்கும் விதத்தில்தான் ஏமாந்து போகிறோம்.

எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அப்பாவின் சேமலாபம், அம்மாவின் நம்பிக்கை நிதி, மகளின் நகையை அடகு வைத்த காசு, எல்லாவற்றையும் போட்டு ஒரு பழைய வேன் எடுத்தார்கள். விற்றவர் பகல் 11 மணிக்கு லயத்து வாசலுக்கே வேனைக் கொண்டு வந்தார். கழுவி, மெழுகு போட்டு, பாட்டும் போட்டிருந்தார். சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. அன்றே அட்வான்ஸ் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை வேன் அசையவில்லை. பையன்கள் தள்ளி ஸ்டார்ட் பண்ணியபோது லயமே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. கராஜ் பாஸ் கழற்றிப் பார்த்துவிட்டு, எஞ்சின் ஹெட் வெடித்திருக்கிறது என்றார். விற்றவர் அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

இதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வரும் வழியிலேயே எஞ்சின் சூடாகியிருந்தது. டீசல் எஞ்சினில் பிளக் பொறி தட்டி எண்ணெயைக் கொளுத்துவதில்லை. காற்றை இறுக அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. தேய்ந்த எஞ்சினில் அந்த அழுத்தம் குறைந்திருக்கும். பகல் சூட்டில், ஏற்கெனவே ஓடிய எஞ்சினில் அந்தக் குறை தெரியாது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் பண்ணும்போதுதான் எஞ்சின் உண்மையைச் சொல்லும்.

அதனால் முதல் விதி இது. வேனை உங்கள் வாசலுக்கு வரச் சொல்லாதீர்கள். அது இரவு நின்ற இடத்துக்கு விடியுமுன் நீங்கள் போங்கள். போனதும் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சுடுகிறதா? உங்களுக்கு முன்னாலேயே யாரோ சூடாக்கி வைத்திருக்கிறார்கள். "நாளைக்கு வருகிறோம்" என்று சொல்லித் திரும்புங்கள்.

குளிர்ந்திருந்தால், ஸ்டார்ட் பண்ணுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. அடுத்து ஒயில் பார்க்கும் கம்பியை இழுங்கள். டீசல் எஞ்சினில் ஒயில் சீக்கிரமே கறுத்துவிடும். பிளேன்டி போலக் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

இனி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஹீட்டர் லைட் அணைந்த பிறகு ஒன்றிரண்டு தடவையில் பிடிக்க வேண்டும். ஒருவர் பின்னால் நின்று புகையைக் கவனியுங்கள். குளிரில் முதலில் கொஞ்சம் வெள்ளையாக வந்து மறைந்தால் பரவாயில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட்டையோ கேஸ்கட்டையோ சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். எக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பழைய எஞ்சின் கொஞ்சம் கரும்புகை விடும். நம் மலையில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அது இன்னும் சற்றுக் கூடும். ஆனால் விடாமல் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டர், பம்ப், ஏர் ஃபில்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். இன்ஜெக்டரும் பம்பும் சின்னச் செலவல்ல.

ஓடும் எஞ்சினில் ஒயில் ஊற்றும் மூடியை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். லேசாக ஆவி வருவது வழமை. குபுகுபு என்று அடித்து மூடியைத் தள்ளினால் எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பில் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். அது அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

பிறகு ரோட்டில் ஏற்றுங்கள். டவுனுக்குள் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவதெல்லாம் சோதனை ஆகாது. நாளைக்கு எத்தனை பேரை ஏற்றப் போகிறீர்களோ அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தோட்டத்து ஏற்றத்தில் விடுங்கள். எஞ்சின் அலறும், வண்டி முன்னே போகாது என்றால் கிளச் பிளேட் முடிந்துவிட்டது. மேலே ஏறியதும் சூட்டு முள்ளைப் பாருங்கள்.

இறக்கம் இன்னும் முக்கியம். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்ததை மலையகம் மறக்கவில்லை. அந்த விபத்தின் காரணத்தைப் பேச நாங்கள் வரவில்லை. நம் இறக்கங்கள் யாரையும் மன்னிக்காது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தைத் தருவதற்குத் தனியாக ஒரு பம்ப் இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கோளாறு. பெடல் அடிவரை போகக் கூடாது. வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. சரிவில் ஹேண்ட் பிரேக் நிற்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி இறக்கத்தில் உருட்டும் பழக்கம் உள்ளவர்களும் இதை நினைவில் வையுங்கள். எஞ்சின் நின்றால் பிரேக்கின் பலமும் போகிறது.

கீழே குனிந்தும் பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், அது எதை மறைக்கிறது என்று ஸ்குருட்ரைவரால் குத்திப் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் வெள்ளத்தில் வண்டிகளும் மூழ்கின. சீட்டுக்கு அடியில் காய்ந்த சேறு இருக்கிறதா, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் தண்ணீர்க் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

எஞ்சினைவிட ஆபத்தானது காகிதம். சி.ஆர். புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தக் கடன் தீர்ந்து கம்பனி விடுவிக்கும்வரை விற்பவருக்கு அந்த வண்டி முழுச் சொந்தமில்லை. கட்டணம் நின்றால் உங்கள் வாசலில் இருந்தே தூக்கிப் போவார்கள். கையெழுத்து மட்டும் போட்ட 'ஓபன் பேப்பரை' வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பழைய சொந்தக்காரர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வீர்கள்? கைமாறிய 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பெயரை மாற்றுங்கள். புகைச் சான்றிதழைக் காட்டி "எஞ்சின் நல்லம்" என்பார்கள். அது அன்றைய புகையின் அளவைத்தான் சொல்லும், எஞ்சினின் ஆயுளைச் சொல்லாது.

விலைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் 25, 30 வருடத்துக் கிழட்டு வேன்கள் கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கில் ஏறின. விலை கூடியதால் வண்டி இளமையாகிவிடவில்லை.

இப்போது சங்கத்துக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறோம். ஆயிரம் ரூபாவுக்காக நாம் எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம்? 2021இல்தான் கிடைத்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. ஒரு பேச்சுக்கு வேன் 20 லட்சம் என்று வையுங்கள். 1350ஆல் வகுத்தால் 1481 முழுப்பேர் வருகிறது. மாதம் 25 பேர் போட்டாலும் ஏறக்குறைய ஐந்து வருடம். ஐந்து வருடக் கொழுந்தை ஒரு பகல் பேச்சில் கொடுத்துவிடுகிறோம். நிறுவைத் தராசில் ஒரு கிலோ குறைந்தால் சண்டை போடும் நாம், இங்கே மட்டும் கேள்வி கேட்க வெட்கப்படுகிறோம்.

எங்கள் கருத்து இதுதான். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று பேரைப் பெயர் குறித்து வைக்கட்டும். எஞ்சின் தெரிந்த ஒரு டிரைவர், விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு கராஜ் பாஸ், சிங்களமும் ஆங்கிலமும் வாசித்துக் காகிதம் பார்க்கத் தெரிந்த ஒருவர். ஆசிரியர்கள் நாங்கள் மூன்றாவது வேலைக்கு வரத் தயார். வேன் வாங்கும் குடும்பம் அட்வான்ஸ் கொடுக்குமுன் கமிட்டிக்கு ஒரு சொல் சொல்லட்டும். பாஸுக்குக் கொடுக்கும் அரைநாள் கூலியை நட்டம் என்று நினைக்காதீர்கள்.

"இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார், இன்னைக்கே முடிவு சொல்லுங்க" என்று விற்பவர் அவசரப்படுத்துவார். காத்திருப்பவரே வாங்கிக்கொள்ளட்டும். முப்பது வருடம் மலையேறிச் சேர்த்த காசு ஒரு விடியற்காலை வரை பொறுத்திருக்கும்.